ஆடு படுத்த இடம்

(ஒடுகத்தூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழ் அச்சடித்தவர் தலைப்பைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஐயா, கோல்ஃப் மைதானம்னு போட்டிருக்கீங்களே, ஒடுகத்தூர்ல இதை யாருய்யா கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நம் ஊரில் பேசுவதற்கு ஜவ்வாது மலை இருக்கிறது, உத்திரகாவிரி இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை இருக்கிறது. நான் சொன்னேன்: "தம்பி, நான் பேசப்போவது ஆட்டைப் பற்றியும் தோலைப் பற்றியும்தான். தைரியமாக அச்சடியுங்கள்." அந்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் கோல்ஃப் ஆடியவன் அல்ல. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவன். ஒருநாள் கோல்ஃப் ஷூ ஒன்று மேசைக்கு வந்தது. அப்பர் சாதாரணமாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் முளைகள். முன்காலத்தில் அந்த இடத்தில் இரும்பு முள் இருந்ததாம். புல்தரையைக் குத்திக் கிழித்ததால் மாற்றினார்களாம். எதற்கு இத்தனை பிடிமானம் என்று விசாரித்தேன். வலக்கைக்காரர் கோலை வீசி அடிக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க இடது காலின் வெளியோரத்துக்குப் போய் முறுக்குகிறது. கால் வழுக்கினால் பந்து திசை மாறிப் போய்விடும். நடப்பதற்கு, ஓடுவதற்கு, நாள் முழுக்க நிற்பதற்கு என்று ஷூ செய்திருக்கிறோம். ஒரு மண்ணை இறுகப் பிடித்துக்கொள்வதற்காகவே செய்த ஷூவை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எப்படிப்பட்ட மண் என்று பார்க்கும் ஆசையும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

கோல்ஃப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஊரளவுக்குப் பெரிதாக்கிய கோலி. குதிகாலை மண்ணில் வைத்துத் திருகிக் குழி பறித்து, எட்டப் போய் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து கோலியைக் குழிக்குள் தள்ளினோமே, அதேதான். கோடு இருக்கும் இடத்துக்கு டீ என்று பேர். குழி இருக்கும் இடத்தில் புல்லைப் பாய்போல ஒட்ட வெட்டியிருப்பார்கள்; அது கிரீன். இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி ஃபேர்வே. வழியில் கிடக்கும் மணல்பள்ளம் பங்கர். எத்தனை அடியில் குழியில் விழுகிறது என்பதுதான் கணக்கு; குறைவாக அடித்தவர் கெட்டிக்காரர். குழியின் அகலம் 4.25 அங்குலம் என்று 1891ல் விதி வகுத்தார்கள். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

மைதானத்துக்கு மட்டும் இப்படி அளவு எதுவும் கிடையாது. கிரிக்கெட் பிட்சுக்கு 22 கஜம் என்று கணக்கு உண்டு, கபடிக் களத்துக்கும் கோடு உண்டு. கோல்ஃபில் ஒரு குழி 150 கஜத்தில் இருக்கும், அடுத்தது 500 கஜத்தில் இருக்கும். ஒன்று மேட்டில் ஏறும், ஒன்று ஓடையைத் தாண்டும். உலகத்தில் ஒரு மைதானத்தைப்போல இன்னொன்று கிடையாது. எதிரில் நிற்கும் ஆளைவிட அந்த நிலம்தான் பெரிய எதிராளி.

இது நமக்குப் புதிய சங்கதியா? தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளைக் கேளுங்கள். இடப்பக்கம் கோபக்காரப் பாட்டி வீடு. பந்து உள்ளே போனால் அவுட், பந்தும் திரும்பி வராது. அந்தத் தெருவில் வளர்ந்த பையன் வலப்பக்கம் அடிப்பதில் சூரனாக இருப்பான். ஆற்று மணலில் ஆடியவன் பந்தைத் தரையில் உருட்ட மாட்டான், தூக்கித்தான் அடிப்பான். மணலில் பந்து ஓடாதே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இடம் சொல்லிக் கொடுத்தது. நல்ல கோல்ஃப் மைதானம் என்று பெயரெடுத்தவையெல்லாம் இப்படி ஆளைப் பழக்கும் இடங்கள்தான்.

அவற்றில் மூத்தது ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்கிற கடற்கரை ஊரில் இருக்கிறது. ஓல்டு கோர்ஸ் என்பார்கள். அதை வரைந்த பொறியாளர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கடல் பின்வாங்கிய இடத்தில் மணல்மேடுகள் நின்றன. உழவுக்கு உதவாத மண். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மேய்ச்சல் புறம்போக்கு. மணலைப் பிடித்துக்கொண்டு மெல்லிய புல் முளைத்தது. முயல்கள் கடித்தன, செம்மறிகள் மேய்ந்தன. இவைதான் அந்தக் காலத்துப் புல்வெட்டும் எந்திரம். வடகடல் காற்று சும்மா வீசாது, அறையும். ஆடுகள் மேட்டின் மறைவில் ஒண்டிப் படுத்தன. படுத்த இடத்தில் புல் தேய்ந்தது, புல் போன இடத்தில் மணல் வாய் பிளந்தது, காற்று அதைக் கெல்லிப் பள்ளமாக்கியது. பங்கர் பிறந்த கதையாக வழிவழியாகச் சொல்லப்படுவது இதுதான். இன்றைக்கு அந்த மைதானத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பங்கர்கள் இருக்கின்றன.

நம் மொழியில் ஆடு என்பது பிராணிக்கும் பேர், விளையாடச் சொல்லும் ஏவலும் அதுதான். இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு ஆடும் ஒன்றாகிவிட்டன.

18 குழி என்ற கணக்கும் அங்கிருந்து வந்தது. ஆடிப்பெருக்குக்கும் சபரிமலைப் படிக்கும் நாம் சொல்லும் பதினெட்டோடு இதற்குச் சம்பந்தம் கிடையாது. முன்பு ஒரு சுற்றுக்கு 22 குழி இருந்தது. 1764ல், முதலில் வரும் சில குழிகள் அளவில் மிகச் சிறியவை என்று நான்கை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போதும் வரும்போதும் அதே குழிகள்தான் என்பதால் கணக்கில் நான்கு குறைந்து 18 ஆனது. ஓர் ஊரின் சௌகரியத்துக்காகச் செய்த கழித்தல், பின்னால் உலகத்துக்கே விதியாகிவிட்டது.

இனி தோலுக்கு வருகிறேன். டேனரியில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அந்தக் காலத்துக் கோல்ஃப் பந்து தோல்பந்து. மாட்டுத் தோலைத் துண்டுகளாக வெட்டிப் படிகார நீரில் ஊறவைப்பார்கள். ஈரத்தோடு தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஒரு சின்ன வாயை மட்டும் விட்டுவைப்பார்கள். உயரமான தொப்பி ஒன்று நிறைய இறகை வேகவைத்து, அந்த வாய் வழியாக இரும்புக் கம்பியால் திணிப்பார்கள். ஒரு தொப்பி இறகும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் போக வேண்டும்! பிறகு வாயைத் தைத்துக் காயப்போடுவார்கள். ஈரத்தோல் காய்ந்தால் என்ன ஆகும்? சுருங்கும். வெந்த இறகு காய்ந்தால்? விரியும். வெளியே இருப்பது இறுக்க, உள்ளே இருப்பது முட்ட, அந்த மல்லுக்கட்டில் பந்து கல்லாகிவிடும். தோலின் குணம் தெரிந்தவன் கண்டுபிடித்த வித்தை.

கைதேர்ந்தவர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்து செய்வார். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சன் என்பவரின் பட்டறையில் 1844ஆம் ஆண்டு 2,456 பந்துகள் செய்ததாகக் கணக்கு இருக்கிறது. இறகுத்தூசியை மூச்சில் இழுத்து இழுத்துப் பந்து செய்பவர்களின் நெஞ்சு கெட்டது. அதுவும் உங்களுக்குப் புரியாத கதை அல்ல. பந்தின் விலையோ ஏழைக்கு எட்டாது. மழையில் நனைந்தால் ஊதிப்போகும், தையல் பிரியும்.

1848 வாக்கில் மலாயாக் காடுகளிலிருந்து கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் வந்தது. வெந்நீரில் போட்டால் மாவுபோல இளகும், ஆறினால் கெட்டியாகும். உருட்டினால் பந்து, அவ்வளவுதான். தையல்காரர் வேண்டாம், இறகு வேண்டாம். ராபர்ட்சனின் பட்டறையில் தொழில் கற்ற டாம் மாரிஸ் ஒருநாள் அந்தப் புதுப்பந்தை வைத்து ஆடிப் பார்த்தார். குருவுக்கும் சீடனுக்கும் மனக்கசப்பு வந்து, சீடர் ஊரைவிட்டே போனார். பிற்பாடு திரும்பி வந்து அதே மைதானத்தைப் பராமரித்தார், அவர் பேர் நிலைத்துவிட்டது. புது மெஷின் வந்த அன்றைக்குக் கைவேலைக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பந்து மாறியதற்கும் மைதானத்தின் வடிவத்துக்கும் என்ன தொடர்பு? பந்து மலிந்ததும் கூட்டம் பெருகியது. அதுவரை ஒரே பாதையில் போய், அதே குழிகளில் ஆடியபடி அதே பாதையில் திரும்பினார்கள். கூட்டம் கூடியதும் போகிறவரும் வருகிறவரும் முட்டிக்கொண்டார்கள். ஒற்றையடிப் பாதையில் இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் என்ன செய்வோம்? பாதையை அகலப்படுத்துவோம். 1850களில் அதைத்தான் செய்தார்கள். கிரீனைப் பெரிதாக்கி, ஒரே கிரீனில் இரண்டு குழி வெட்டினார்கள், போகிறவருக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று. இன்றும் அங்கே ஏழு இரட்டைக் கிரீன்கள் உண்டு. இரண்டாம் குழியோடு பதினாறாம் குழி, மூன்றோடு பதினைந்து, நான்கோடு பதினான்கு. எந்த இணையைக் கூட்டினாலும் 18 வரும்.

பாதை அகலமானதில், ஒருவரும் நினைக்காத இன்னொன்று நடந்தது. குழியை நோக்கிப் போக ஒரே வழி என்பது போய், பல வழி வந்துவிட்டது. ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். இவ்வளவு பேரா, நல்லது. ஆட்டுக்காய் வைத்திருப்பவன் ஓரமாகவே நகர்த்தினால் காய் பிழைக்கும். ஆனால் புலியைக் கட்ட முடியாது. கட்ட வேண்டுமானால் புலியின் வாய்க்குப் பக்கத்தில் போயாக வேண்டும். ஓல்டு கோர்ஸில் 17ஆம் குழி அப்படிப்பட்டது. வலப்பக்கம் எல்லைக்கு வெளியே ஓட்டல் கட்டடம். பந்து அங்கே போனால் தண்டனை. இடப்பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. பயந்தவன் இடப்பக்கம் அடிக்கிறான், பந்து பத்திரமாக இருக்கிறது. அடுத்த அடிக்கு வந்து நின்றால்தான் தெரியும்: கிரீன் சாய்வாகக் கிடக்கிறது, அவனுக்கும் குழிக்கும் நடுவில் ஆழமான ஒரு பங்கர், கிரீனுக்குப் பின்னால் தார்ச்சாலை, அதற்கப்பால் கல்சுவர். வலப்பக்க ஓரத்தை உரசித் துணிந்து அடித்தவனுக்கோ கிரீன் கதவு திறந்த வீடு மாதிரி தெரிகிறது. முதல் அடியில் தப்பித்துக்கொண்டவனிடம் இரண்டாம் அடி வட்டியோடு வசூலிக்கும்.

1978ல் ஜப்பானியர் நகாஜிமா அந்தக் கிரீனில் இரண்டே அடியில் ஏறிவிட்டார். மூன்றாவதாக மெல்ல உருட்டினார். பந்து மேட்டில் ஏறி, வளைந்து, அந்தப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. வெளியே எடுக்க நான்கு அடி. மொத்தம் ஒன்பதில் முடித்தார். மோசமாக ஆடியவர் இல்லை. மண்ணின் சாய்வை ஒரு சாண் தப்பாகக் கணித்தார், அவ்வளவே.

அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் 1921ல், 19 வயதில் அங்கே முதன்முதலாக ஆடினார். 11ஆம் குழியின் பங்கரில் மாட்டி, வெறுத்துப்போய்ப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியைவிட்டே விலகினார். 1927ல் அதே மைதானத்தில் அதே போட்டியில் பட்டம் வென்றார். 1958ல் அந்த ஊர் அவருக்கு நகர உரிமை கொடுத்துக் கௌரவித்தது. இடையில் மைதானம் மாறவில்லை. பையனுக்கு நிலத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது. அவரே பிற்பாடு அலிஸ்டர் மெக்கன்சி என்ற மருத்துவரோடு சேர்ந்து அகஸ்டா மைதானத்தை அமைத்தார். மெக்கன்சி ஓல்டு கோர்ஸை அங்குலம் அங்குலமாக அளந்து 1924ல் படம் வரைந்து கொடுத்தவர்.

நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றைக்கும் இருக்கும் கோல்ஃப் கிளப்புகளில் மூத்தது நம் கல்கத்தாவில்தான் இருக்கிறது, 1829ல் தொடங்கியது. பெங்களூரில் 1876, பக்கத்து நாட்டுக் கொழும்பில் 1879, கொடைக்கானலில் 1895. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய வளையத்துக்கு நடுவிலேயே ஆடினார்கள். நம் வடஆற்காட்டு ஜனங்கள் சுரங்கத்தில் இறங்கிய கோலார் தங்கவயலிலும் மேலே வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடினார்கள்.

போன இடமெல்லாம் நிலம் ஆட்டத்தைத் தன் வழிக்கு வளைத்தது. கல்கத்தா தட்டைத் தரை. மேடுமில்லை பள்ளமுமில்லை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். குளங்களை வெட்டினார்கள், வெட்டிய மண்ணைக் கொட்டிக் கிரீன்களை உயர்த்தினார்கள். ஏரி வெட்டிய மண்ணில் கரை போடும் நம் பழைய கணக்குதான். குளம் வடிகாலாகவும் ஆயிற்று, பந்தை விழுங்கும் புலியாகவும் ஆயிற்று. கொழும்பில் களனிவெளி ரயில்பாதை மைதானத்துக்கு ஊடாகவே போகிறது. ரயில் வந்தால் கோலை ஊன்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கொடைக்கானலில் காட்டெருமைகள் வந்து மேயும். சமவெளி மைதானங்களில் ஓடும் பெர்முடா புல் எது தெரியுமா? பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும், மிதித்தாலும் சாகாது, வெயிலுக்கும் அஞ்சாது. பிள்ளையார் கழுத்தில் மாலையாகக் கிடப்பது அங்கே பந்துக்குப் பாயாகக் கிடக்கிறது.

நான் கண்ணால் பார்த்தது ஊட்டி மைதானத்தை. வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளி மேடுகளில் இருக்கிறது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பேர் அது. மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலைபோலப் போகும், மடிப்புகளில் சோலைக்காடு ஒதுங்கியிருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 7,000 அடியைத் தாண்டிய உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடை குறைவு; கீழே 200 கஜம் போகும் பந்து அங்கே ஏறக்குறைய 15 கஜம் கூடுதலாகப் போகும். ஓரங்களில் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்கள். கோர்ஸ் செடி என்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓரத்தில் பந்தை விழுங்கும் அதே முள், இங்கேயும் வந்து பந்தை விழுங்குகிறது. அதோடு நிற்காமல் நீலகிரியின் சொந்தப் புல்வெளியையும் விழுங்கி வருகிறது என்பது வேறொரு சோகம்.

அன்றைக்கு ஓர் ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வந்த கேடி, ஐம்பது வயதிருக்கும், உள்ளூர்க்காரர். கிரீனில் பந்துக்கும் குழிக்கும் இடையே பத்தடி இருந்தது. ஆட்டக்காரர் குனிந்து குழியையே முறைத்துக்கொண்டிருந்தார். கேடி நிதானமாக நடந்துபோய், குழியிலிருந்து ஓர் அடி தள்ளி, புல்லில் ஓர் இடத்தைக் கொடிக்கம்பத்தின் நுனியால் தொட்டுக் காட்டினார். "குழியப் பாக்காதீங்க சார். மேட்டப் பாருங்க. இங்க உருட்டுங்க, மிச்சத்த அது பாத்துக்கும்." எனக்கு எல்லாம் சமதரையாகத்தான் தெரிந்தது. பந்து அவர் தொட்ட இடம்வரை நேராகப் போயிற்று. அங்கே ஒரு கணம் தயங்கி, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, குழிக்குள் இறங்கியது. நான் அவரிடம், "அண்ணே, எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன். "காலுக்குத் தெரியும் தம்பி" என்றார். கீழே பார்த்தேன். சாதாரண ரப்பர் செருப்பு போட்டிருந்தார். ஷூக்காரனான எனக்கு அதில் ஒரு பாடம் இருந்தது.

இப்போது நீங்கள் மனதுக்குள் கேட்பதை நானே கேட்டுவிடுகிறேன். இது பணக்காரர் ஆட்டம் அல்லவா? வேலி போட்டு, தண்ணீரைக் கொட்டி, பச்சைக் கம்பளம் வளர்க்கும் ஆட்டம் அல்லவா? நம் நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது, மறுக்கவில்லை. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் தண்ணீர்க் கணக்குக் கேட்காமல் இருக்கவும் கூடாது. ஆனால் மூல மைதானத்தின் இயல்பு அது அல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸ் கோடையில் காய்ந்து பழுப்பேறும். காய்ந்தால்தான் பந்து ஓடும், ஓடினால்தான் மேடுபள்ளம் பேசும். எப்போதும் பசேலென்று இருக்க வேண்டும் என்பது பிற்காலத்து ஆசை. நம் நாட்டின் வறண்ட ஊர்களில் புல்லே இல்லாமல், மணலில் எண்ணெய் கலந்து தட்டி, அதைக் கிரீனாக வைத்து ஆடியிருக்கிறார்கள். பிரௌன்ஸ் என்று அதற்குப் பேர்.

வேலியும் செயின்ட் ஆண்ட்ரூஸில் கிடையாது. 1552ல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்த நிலத்தில் முயல் வளர்க்க அனுமதி வாங்கினார். அதற்கு எழுதிய சாசனத்தில், ஊர்மக்கள் அங்கே கோல்ஃப் ஆடவும், பந்து உதைக்கவும், கால்நடை மேய்க்கவும் உள்ள உரிமை அப்படியே நீடிக்கும் என்று ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அது பொதுநிலம். அங்கே ஆட வேண்டுமென்றால் வெளியாரும் குலுக்கலில் பேர் கொடுக்கலாம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. குழந்தைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு ஊர்ஜனம் உலகப்புகழ் பெற்ற அந்தப் புல்லின்மேல் காலாற நடக்கும். புறம்போக்கைப் புறம்போக்காகவே காப்பாற்றி வைத்ததால் கிடைத்த மைதானம் அது. பட்டா போட்டிருந்தால் இன்றைக்கு அங்கே வீடுகள் நின்றிருக்கும், நான் பேச விஷயம் இருந்திருக்காது.

நல்ல மைதானம் அமைப்பவருக்கு முதல் வேலை மண்ணை வெட்டுவது அல்ல, நடந்து பார்ப்பது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, பிராணிகள் எங்கே ஒதுங்குகின்றன என்று பார்ப்பது. டேனரியில் கைதேர்ந்தவர் தோலைத் தடவிப் பார்த்தே முதுகு எது, வயிறு எது, எங்கே வெட்டினால் எவ்வளவு இழுபடும் என்று சொல்கிறாரே, அதே படிப்புதான். கோல்ஃப் ஆடுபவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் கையுறைக்கும் கம்பளி விளையாத வெப்பநாட்டுச் செம்மறியின் மெல்லிய தோல்தான் உசத்தி. நம் மேச்சேரி ஆடும் அந்தச் சாதிதான். ஆக, ஆட்டை விட்டு இந்த ஆட்டம் ஒருநாளும் விலகவில்லை.

நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். வரும் வெள்ளிக்கிழமை சந்தை கலைந்தபிறகு அந்தப் பக்கம் போங்கள். வெயிலும் காற்றும் படாத ஒரு மூலையில் புழுக்கை குவிந்து கிடக்கும், புல் தேய்ந்திருக்கும், மண் லேசாகக் குழிந்திருக்கும். கொஞ்சநேரம் அங்கே நின்று பாருங்கள். பங்கர் தொடங்குவது அப்படித்தான்.